மாமியார் முதுகும் மருமகள் மெத்தையும்

அத்தியாயம் 11

வலி வந்தது மாமியார் முதுகில். பழி விழுந்தது மருமகள் தலையில். போன வாரம் இந்த இடத்தில்தான் கதவைச் சாத்திவிட்டு எழுந்து போனோம்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது மெத்தை செய்கிற குடும்பம். கீழே கடை, பின்னால் பட்டறை, மாடியில் வீடு. மாமனார் வெட்டுவார், தைப்பார். மகன் விற்பான். மாமியார் தூங்குவார்.

சிரிக்க வேண்டாம். அந்த வீட்டில் தூங்குவதுதான் பெரிய உத்தியோகம். எந்தப் புது மெத்தை செய்தாலும் மாடிக் கோடியில் இருக்கிற சின்ன அறையில் போட்டு, மாமியார் ஒரு வாரம் தனியாகப் படுத்துப் பார்ப்பார். பக்கத்தில் இன்னொரு ஆள் படுத்தால் எடை மாறிவிடும் என்று மாமனாருக்குக்கூட அந்த அறைக்குள் அனுமதி இல்லை. வாரக் கடைசியில் வெளியே வந்து "இது தூங்கும்" என்றால் மெத்தை கடைக்கு இறங்கும். "இது தூங்காது" என்றால் பட்டறைக்குத் திரும்பும். மேல்முறையீடு கிடையாது. அதனால் தையல்காரர்கள் முதல் வாடிக்கையாளர்கள் வரை அவருக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா. 'ஜட்ஜம்மா தூங்கிப் பார்த்தது' என்று கடை வாசலில் பலகையே தொங்குகிறது.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அதற்கு முன்பு ஃபோம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். வந்த இடத்தில் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தோள் நோகாமல் இருக்க, தோள்பட்டை வருகிற இடத்தில் மட்டும் மெதுவான ஃபோமில் ஒரு பட்டை வைத்து, புது மாதிரி மெத்தை ஒன்று செய்தாள். மாமனார் அரை மனசோடுதான் சம்மதித்தார். மெத்தை சின்ன அறைக்குப் போனது. ஜட்ஜம்மாவும் உள்ளே போனார்.

வாரக் கடைசியில் தீர்ப்பு வரவில்லை. வலிதான் வந்தது. வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, கத்தியைச் செருகித் திருகினாற்போல. சரியாக மருமகள் வைத்த பட்டைக்கு நேராக.

அப்புறம் கேட்க வேண்டுமா? மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. மாமனார் அந்த மெத்தையை எடுத்துவிட்டுக் கெட்டி மெத்தை போட்டார். வலி போகவில்லை. நார் மெத்தை போட்டார். போகவில்லை. ஜட்ஜம்மாவின் பழைய பஞ்சு மெத்தையையே தேடி எடுத்துப் போட்டார். அப்போதும் போகவில்லை. வேறு வீடாக இருந்தால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். இந்த வீட்டில் முதுகு வலித்தால் மெத்தையை மாற்றுவார்கள். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

இனி இன்றைய கதை.

*

மாடிப்படியில் தொம் தொம்மென்று சத்தம் கேட்டு மருமகள் ஓடி வந்தாள். மாமனார் அவளுடைய மெத்தையைத் தனி ஆளாகப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு இறங்கினார்.

"மாமா, எதுக்கு இதைக் கொண்டு போறீங்க?"

"அறுத்துப் பாக்கப் போறேன்."

அது அவள் கையால் அளந்து, ஒட்டி, உறை போட்ட முதல் மெத்தை.

"உள்ளே ஸ்பிரிங் ஏதாவது முறிஞ்சு மேலே ஏறியிருக்கும்மா. இல்லைன்னா பசை கட்டி தட்டிப் போயிருக்கும். இத்தனை வருஷமா எந்த மெத்தைக்கும் நோகாத முதுகு. சும்மா வலிக்குமா?"

"அதை எடுத்துட்டு வேற மூணு போட்டுட்டீங்களே மாமா. அப்பவும் வலி இருக்கே."

"கால்ல முள் குத்துனா முள்ளை எடுத்ததும் வலி போயிடுதா? இருக்கத்தான் செய்யும்."

அவரோடு பேசி ஜெயிக்க முடியாது. மெத்தையை வெட்டு மேஜையில் தூக்கிப் போட்டார். ஃபோம் அறுக்கிற நீளக் கத்தியை எடுத்து ஓரத் தையலில் நுனியை வைத்தார். சர்ரென்று ஒரே இழுப்பு. உறை வாய் பிளந்தது.

அவள் கணவன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். அப்பாவையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான். இரண்டு பக்கமும் போகாமல் கதவிலேயே சாய்ந்து நின்றுகொண்டான். அவனுக்கு அது கைவந்த கலை.

மாமனார் அடுக்கடுக்காகப் பிரித்தார். ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். பசை போட்ட இடமெல்லாம் விரலால் தடவினார். மெதுவான பட்டையை முகர்ந்துகூடப் பார்த்தார். ஒரு குற்றமும் அகப்படவில்லை.

மருமகளும் மேல் அடுக்கில் கை வைத்தாள். பஞ்சு பூப்பூவாக நின்றது. உள்ளங்கையில் அது என்னவோ போல இருந்தது. ஒரு ஆள் படுத்து எழுந்த மெத்தையில் தோள் இருந்த இடமும் இடுப்பு இருந்த இடமும் அமுங்கித் தட்டையாகப் போயிருக்கும். தொழிற்சாலையில் ஆயிரம் மெத்தையைத் தொட்ட கைக்கு அது தெரியும். இதுவோ நேற்றுத் தைத்து முடித்தது போல இருந்தது. அந்த நினைப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதற்குள் மாமனார் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லை. அப்போ அந்தப் பட்டைதான் கோளாறு. தோளை உள்ளே இறக்கி நரம்பை இழுத்திருக்கு."

"மாமா..."

"தப்பா எடுத்துக்காதேம்மா. இனிமே நீ வெட்டு மேஜைப் பக்கம் வர வேண்டாம். கடையில உக்காந்து ரசீது போடு. அது போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே கத்தியைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

"அம்மாவுக்குச் சரியாகட்டும்ப்பா, அப்புறம் பேசிக்கலாம்" என்றான் கணவன். பிறகு அவளைப் பார்த்து, "நீயும் கொஞ்ச நாள் சும்மா இரேன்" என்றான்.

சும்மாதான் இருக்கிறாள். அதுதான் அவளைத் தின்கிறது. ஜட்ஜம்மாவுக்குப் படுத்து எழுந்த பிறகு வலி வரவில்லை, சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வருகிறது என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள். எண்ணெயில் பொரித்தது எதைத் தட்டில் வைத்தாலும் மாமியார் ஓரமாக ஒதுக்குகிறார். மீறித் தின்றால் கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கி, வலது தோளைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கிறார். இதைச் சொல்ல எத்தனையோ தடவை வாய் எடுத்தாள். சொன்னால் என்ன சொல்வார்கள்? தன் மெத்தையைக் காப்பாற்ற மாமியார் தின்கிற சோற்றைக் குறை சொல்கிறாள் என்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து மென்று விழுங்கிவிட்டாள்.

மாடியில் பாத்திரம் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது.

விழுந்ததை எடுத்து வைக்கிற சத்தம் வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

*

சமையலறைத் தரையில், துணி துவைக்கும் இயந்திரத்தில் முதுகைச் சாய்த்து ஜட்ஜம்மா உட்கார்ந்திருந்தார். புடவையெல்லாம் வாந்தி. நெற்றியில் வியர்வை வழிய, பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

இருபது மெத்தைகளை "தூங்காது" என்று ஒற்றை வார்த்தையில் திருப்பி அனுப்பிய மனுஷி, இப்படிக் குழந்தை மாதிரி நடுங்குவதை யாரும் பார்த்ததில்லை. மகன் வாசலிலேயே உறைந்து நின்றான்.

"குத்துதுங்க" என்றார் ஜட்ஜம்மா. "முதுகுக்குள்ள இருந்து முன்னாடி வரைக்கும் குத்துது."

மாமனாருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "டேய், அந்தக் கெட்டி மெத்தையை இங்கேயே கொண்டு வா. தரையில போட்டு நேரா படுக்க வைப்போம்."

மருமகள் குனிந்து மாமியார் கழுத்தில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். அடுப்பில் காய்ந்த சட்டி போல இருந்தது.

"மாமா, அத்தைக்கு உடம்பு கொதிக்குது. மெத்தை ஒத்துக்காம காய்ச்சல் வருமா? ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"முதல்ல படுக்கட்டும்."

"படுக்க வேண்டாம் மாமா. போகணும்."

"நீ ஏன் இவ்வளவு பதறுறே?" என்றான் கணவன். பயத்தில் அவன் குரல் கோணிக்கொண்டு வந்தது. "உன் மெத்தை மேல தப்பில்லைன்னு டாக்டர் வாயால கேக்கணும், அதானே?"

சொல்லிவிட்டான். இத்தனை நாளாக எந்தச் சொல்லுக்குப் பயந்து அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அதே சொல். வந்து விழுந்த பிறகு பார்த்தால் அதற்கு அவ்வளவு கனம் இல்லை. இவ்வளவு சின்ன சொல்லுக்காகவா ஒரு உயிரைப் பணயம் வைத்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஆமா. என் மெத்தைக்காகத்தான் சொல்றேன். அப்படியே வச்சுக்கோங்க. இப்போ வண்டியை எடுங்க."

அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

கடைக்குச் சொந்தமான வண்டி ஒன்றே ஒன்று, மெத்தை ஏற்றுகிற வேன். உள்ளே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போக வேண்டிய மெத்தை இரண்டு கிடந்தன. மாமனார் கைத்தாங்கலாக ஏற்றி, "சாஞ்சு படு" என்றார். ஜட்ஜம்மாவால் படுக்க முடியவில்லை. இரண்டு மெத்தையையும் தள்ளிவிட்டு வெறும் தகரத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டியின் பக்கவாட்டில் 'ஜட்ஜம்மா தூங்கிப் பார்த்தது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் அதைப் படித்துச் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

*

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு வயசு மருமகளுக்கு மேல் இருக்காது. ஆனால் கேள்வி ஒவ்வொன்றும் ஊசி போல இறங்கியது.

"எந்த இடத்துல வலி?"

ஜட்ஜம்மா இடது கையைச் சுற்றிக் கொண்டுபோய் வலது தோள்பட்டை எலும்பின் கீழ் நுனியைத் தொட்டார்.

"கையைத் தூக்குங்க. வலி கூடுதா?"

"இல்லை."

"நான் அமுக்கறேன். இப்போ?"

"இல்லைங்க. அது உள்ளே எங்கேயோ இருக்கு."

மாமனார் முன்னால் வந்தார். "டாக்டர், நாங்க மெத்தைக்காரங்க. புதுசா ஒரு மெத்தையில தோள் பக்கம் கொஞ்சம் மெதுவா வச்சுட்டோம். அதுல படுத்து..."

"சதை பிடிச்சிருந்தா அசைச்சா கூடும், அமுக்கினா தெரியும். இது அப்படி இல்லை." அவள் பேசிக்கொண்டே நர்ஸிடம் ஈசிஜி எடுக்கச் சொன்னாள். "முதல்ல இதயத்தைப் பாத்துடுவோம். பெண்களுக்குச் சில சமயம் மாரடைப்பே முதுகு வலி மாதிரி வரும். நுரையீரல்ல சளி கட்டினாலும், ரத்தம் உறைஞ்சாலும் இங்கே குத்தும். கழுத்து எலும்புல நரம்பு அழுந்தினாலும் இதே இடம்தான். அக்கி கிளம்பறதுக்கு முன்னாடியும் இப்படி வலிக்கும்."

ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல மாமனாரின் முகம் வெளிறிக்கொண்டே போனது. ஒரு சாண் இடம். அதற்குப் பின்னால் இத்தனை பேர் ஒளிந்திருக்க முடியும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"மாரடைப்பா?" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"அது இல்லைன்னு உறுதி பண்ணிக்கத்தான் ஐயா. சாப்பிட்ட பிறகு வலி வருதாம்மா?"

ஜட்ஜம்மா கூரையைப் பார்த்தார்.

"வருது டாக்டர்" என்றாள் மருமகள். "எண்ணெய்ல பொரிச்சது சாப்பிட்டா கண்டிப்பா வருது."

மூன்று முகமும் அவள் பக்கம் திரும்பின.

"தெரிஞ்சு ஏன் சொல்லலை?" என்றான் கணவன்.

காலையில் நீ சொன்னாயே, அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் என்று சொல்லலாம். சொல்லி என்ன ஆகப் போகிறது? தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா ஜட்ஜம்மாவின் வலது விலா எலும்புக்குக் கீழே நாலு விரலை வைத்தாள். "நல்லா மூச்சை இழுங்கம்மா."

இழுத்த மூச்சு பாதியில் அறுந்தது. ஜட்ஜம்மா "ஐயோ" என்று டாக்டரின் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். மாமனார் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். முதுகு வலி என்று வந்த இடத்தில் வயிற்றைத் தொட்டால் ஏன் அலறுகிறாள் என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஈசிஜியில் கோளாறு இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் அறையில் துணைக்கு மருமகள்தான் நின்றாள். கருவியை வயிற்றின் மேல் நகர்த்திக்கொண்டிருந்த டாக்டரம்மா ஒரு இடத்தில் நிறுத்தினாள். மறுபடியும் அதே இடத்துக்கு வந்தாள்.

"இதுக்கு முன்னாடி உங்ககிட்ட யாராவது இதைப் பத்திச் சொல்லியிருக்காங்களாம்மா?"

"எதைப் பத்தி?" என்றார் ஜட்ஜம்மா. கேட்டது டாக்டரை, பார்த்தது சுவரை.

*

"பித்தப்பையில கல்" என்றாள் டாக்டரம்மா, வெளியே வந்து. "ஒண்ணு ரெண்டு இல்லை, நிறைய. அதுல ஒண்ணு வாசல்ல போய் அடைச்சிருக்கு. பை வீங்கி, சீழ் பிடிச்சிருக்கு. ஒரு பக்கம் அழுகவும் ஆரம்பிச்சிருக்கிற மாதிரி தெரியுது. இன்னும் விட்டா உள்ளேயே வெடிச்சிடும். காத்திருக்க முடியாது, இன்னைக்கே ஆபரேஷன்."

பேய் அறைந்தாற்போல நின்றார்கள் அப்பாவும் மகனும்.

"முதுகு வலிக்கு வயித்துல ஆபரேஷனா?" என்றான் மகன்.

"வலி அங்கே, கோளாறு இங்கே. பித்தப்பையில இருந்து வர்ற நரம்பும் தோள்பட்டையில இருந்து வர்ற நரம்பும் தண்டுவடத்துல கிட்டக் கிட்டப் போய்ச் சேருது. எது கத்துதுன்னு மூளைக்குக் குழம்பிப் போயிடும். முதுகுன்னு நினைச்சுக்கும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அது உடம்புக்கும் பொருந்தும் என்று மருமகள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். வீட்டுக்குப் பொருந்தும் என்பது முன்பே தெரியும்.

"மெத்தை இல்லையா அப்போ?" என்றார் மாமனார்.

"மெத்தைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை ஐயா."

"மூணு மெத்தை மாத்தினேன்" என்றார். டாக்டரிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா, தெரியவில்லை. "மூணு மாத்தினேன். நாலாவதும் யோசிச்சு வச்சிருந்தேன்."

"ரெண்டு மூணு நாள் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு ஆபத்து இருந்திருக்காது" என்று டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் மூன்று பேரையும் சரிசமமாக வெட்டியது. மருமகளைக் கொஞ்சம் ஆழமாகவே வெட்டியது. மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

சம்மதக் கையெழுத்துப் போட மாமனாரைக் கூப்பிட்டார்கள். காலையில் ஒரே இழுப்பில் மெத்தையைப் பிளந்த கை, பெயரின் முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. மகன் அப்பாவின் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

மருமகளை அவர் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதுதான் சரி. "மேஜை மேல அப்படியே கிடக்கும்மா அது" என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். அறுத்த மெத்தையைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

*

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற நடைபாதையில் தள்ளு கட்டிலை நிறுத்தினார்கள். பச்சை அங்கியில், நகையெல்லாம் கழற்றிய கையோடு படுத்திருந்த ஜட்ஜம்மா பாதியாகச் சிறுத்துப் போயிருந்தார். நர்ஸ் குனிந்து என்னவோ கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மருமகளை மட்டும் வரச் சொல்றாங்க."

கணவன் வழி விட்டான்.

மருமகள் கட்டில் ஓரத்தில் போய்க் குனிந்தாள். "அத்தை, பயப்படாதீங்க. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க சாப்பிட முடியாம தவிக்கிறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். என் மேல தப்பு..."

"நிறுத்து" என்றார் ஜட்ஜம்மா. குரல் போயிருந்தாலும் அதட்டல் போகவில்லை. "நேரம் இல்லை. நான் சொல்றதைக் கேளு. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் அத்தை?"

"கல்லு. போன வருஷம் அடிவயித்துல நோவுன்னு தனியா ஒரு இடத்துக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தாங்க. அங்கேயே சொல்லிட்டாங்க, கல் இருக்கு, ஆபரேஷன் பண்ணிடுங்கன்னு. எங்க அக்கா இதே கல்லுக்குத்தான் உள்ளே போனா. நான்தான் வெளியே உக்காந்திருந்தேன். அவ வரவே இல்லை. அதனால யார்கிட்டயும் சொல்லலை."

மருமகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மெத்தையில நான் படுக்கவே இல்லைம்மா."

"அத்தை?"

"ஒரு ராத்திரிகூட. படுத்தா குத்துச்சு. அந்த ரூம்ல ஒரு நாற்காலி இருக்கில்ல, அதுலதான் உக்காந்திருந்தேன், ஏழு ராத்திரியும். கதவைச் சாத்திட்டா யார் பாக்கப் போறாங்க? வெளியே வந்தப்போ உங்க மாமா என் முகத்தைப் பாத்துட்டு, 'மெத்தையா?'ன்னு கேட்டார். நான் தலையாட்டிட்டேன். அவ்வளவுதான். மெத்தைன்னா மெத்தையை மாத்துவாங்க. கல்லுன்னா கத்தியை எடுப்பாங்க."

காலையில் உள்ளங்கையில் பட்ட பஞ்சு நினைவுக்கு வந்தது. பூப்பூவாக நின்ற பஞ்சு. கை சொன்னதை மனசு கேட்காமல் விட்டுவிட்டது.

மருமகளுக்குக் கோபம் வந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாக ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் எதிரே உட்கார்ந்து, மாமனார் இவளைக் குத்திப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார் இந்த மனுஷி. நீதி சொல்லியே பேர் வாங்கியவர். கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நடுங்குகிற காலைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது? போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

"நான் வெளியே வந்தா எல்லார் முன்னாடியும் என் வாயாலயே சொல்லிடறேன்" என்றார் ஜட்ஜம்மா. "வரலைன்னா நீயே சொல்லிக்கோ."

நர்ஸ் கட்டிலைத் தள்ளினாள். சக்கரம் உருண்டது. இரண்டு கதவும் திறந்து, ஆடி, மூடிக்கொண்டன.

நீயே சொல்லிக்கோ என்றால் யார் நம்புவார்கள்? செத்துப் போன மாமியார் கடைசியாகத் தன்னிடம் மட்டும் தப்பை ஒப்புக்கொண்டார் என்று ஒரு மருமகள் சொன்னால், ஊர் காறித் துப்பாதா? அது அத்தைக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னம்மா சொன்னா?" என்றார் மாமனார், பெஞ்சில் இருந்தபடி. "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

அவர் கண் சிவந்திருந்தது. பக்கத்தில் கணவன் நகம் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். இப்போதே இங்கேயே சொல்லிவிடலாம். வெட்டு மேஜை திரும்பக் கிடைக்கும். காலையில் பேசிய பேச்சுக்கெல்லாம் இரண்டு பேரும் தலை குனிவார்கள்.

"வெளியே வந்து அவங்களே சொல்வாங்களாம் மாமா" என்றாள்.

மாமனார் அதை வாய்க்குள் ஒரு தடவை திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெம்பு வந்தது.

"அப்போ வந்துடுவா. சொல்றேன்னு சொல்லிட்டா, சொல்லாம விடற ஆளில்லை அவ" என்று சொல்லி, அவள் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

மருமகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அத்தை பிழைத்து வர வேண்டும், எப்படியாவது வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அது அத்தையின் உயிருக்காகவா, தன் பேருக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.